கொஞ்சம் சீரியஸா இருக்கு

நான் நோயாளி வேலைக்குச் சேர்ந்தது லோரியிலிருந்து சாமான் இறக்கப் போன இடத்தில்தான். கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி. நீளமான பெட்டிகள், ஒவ்வொன்றும் ஓர் ஆள் கனம். மாடிக்கு ஏற்றி வைத்ததும் அங்கிருந்தவர்கள் ஒரு பெட்டியைத் திறந்து, உள்ளே கிடந்த ரப்பர் மனிதனைக் கட்டிலில் படுக்க வைத்து மின்சாரம் கொடுத்தார்கள். அவன் நெஞ்சு ஏறி இறங்கியது. இமை மூடித் திறந்தது.

லோரி ஓட்டுநர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். "டேய், மூச்சு விடுதுடா! இவனைத்தான் தலைகீழா தூக்கிட்டு வந்தோமா?"

"ஒன்னும் ஆவாதுண்ணே. புது சாமான்தானே, கேரண்டி இருக்கும்லா," என்றேன்.

பின்னால் நின்று சிரித்தவர் அந்தப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற டாக்டரம்மா. தமிழர். என் முழங்காலுக்குக் கீழே இருந்த தழும்பைக் காட்டி, எப்படி ஆனது என்று கேட்டார். ஜெஞ்சாரோமில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும்போது ஆனது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். காலில் ரத்தம் ஓட ஓட மேற்பார்வையாளரின் மோட்டாரில் கிளினிக் போனது, அங்கே கதவு பூட்டியிருந்தது, சாவி வைத்திருந்த ஆள் கல்யாணத்துக்குப் போயிருந்தது எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஊசி போட இந்தப் பொம்மை போதும். ஆனா இதுங்கிட்ட பேசக் கத்துக்க முடியாது," என்றார் அவர். "நீங்க இங்க நோயாளியா நடிக்க வர்றீங்களா?"

எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு படிவம் மூன்றோடு சரி. அதன் பிறகு கோழிப் பண்ணை, கார் கழுவும் கடை, சிங்கப்பூரில் கப்பல் சுரண்டுகிற வேலை, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாவாட்டுவது என்று ஓடிக்கொண்டே இருந்தவன். ஓரிடத்தில் ஒரு தீபாவளிக்கு மேல் தங்கினால் கால் அரிக்கும். உட்கார்ந்த இடத்தில் வலிக்கிறது என்று சொல்வதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்றால், அரிக்கிற காலைக் கொஞ்ச நாள் மடக்கி வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. சரி என்றேன்.

வேலை இப்படி. ஓர் அட்டை கொடுப்பார்கள். அதில் எனக்கு என்ன நோய், வீட்டில் யார் யார், எதற்குப் பயப்படுகிறேன் என்று இருக்கும். மாணவர்கள் ஒவ்வொருவராக அறைக்குள் வருவார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். கேட்காததைச் சொல்லக் கூடாது. நான் நெஞ்சுவலிக்காரனாக வந்திருக்கும்போது ஒரு மாணவன் வயிற்றை அமுக்கிக்கொண்டே இருந்தால், பேசாமல் வயிற்றைக் காட்டிக்கொண்டு படுத்திருக்க வேண்டும். முதலில் அதுதான் கஷ்டமாக இருந்தது.

என்னோடு இன்னொரு ஆளும் உண்டு. கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்து, அதைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு வந்த பாய். காலையில் பார்த்ததும் கேட்பார்.

"உனக்கு இன்னிக்கு என்னா?"

"மூலம், பாய்."

"எனக்கு ஹார்ட் அட்டாக். பாத்தியா, வயசுக்குக் குடுக்கற மரியாதைய!"

நான் சொல்ல வந்தது ஒரு மாணவியைப் பற்றி. சுங்கை பூலோ பெண், என் ஊர்தான். இறுதியாண்டை இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஊசி, மருந்து, எக்ஸ்ரே எதிலும் அவள் தவறியதில்லை. கெட்ட செய்தி சொல்லும் பரீட்சையில் தவறினாள். இந்த முறையும் தவறினால் கல்லூரியை விட்டே போக வேண்டும். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவள் வருகிற வழியில் பாய்கூட வாயை மூடிக்கொள்வார்.

அந்தப் பரீட்சையில் நான் ஒரு கணவன். மனைவி வீட்டில் மயங்கி விழுகிறாள். ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பிவிட்டு நான் மோட்டாரில் பின்னால் வருகிறேன். நான் வந்து சேர்வதற்குள் அவசரப் பிரிவில் அவள் இறந்துவிடுகிறாள். டாக்டர் வந்து எனக்கு அதைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஆங்கிலத்தில் அழமாட்டார்கள் என்று டாக்டரம்மா சொல்வார். அதனால் இந்தப் பரீட்சை மட்டும் நோயாளியின் மொழியில் நடக்கும். சீன மாணவர்களுக்குச் சீன ஆன்டி ஒருவர் இருந்தார். தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான்.

உண்மைப் பரீட்சைக்கு முன்னால் ஓர் ஒத்திகை வைத்தார்கள். டாக்டரம்மா கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். மேலே கேமரா. அந்தப் பெண் உள்ளே வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அங்கிள், பசியாறிட்டீங்களா?"

"இல்லம்மா. அவ எப்படி இருக்கா?"

"தண்ணி ஏதும் வேணுமா அங்கிள்?"

"வேணாம்மா. அவ எப்படி இருக்கா?"

அவள் தன் கைகளையே பார்த்தாள். "கொஞ்சம் சீரியஸா இருக்கு அங்கிள். நீங்க தனியாவா வந்தீங்க? வீட்ல பெரியவங்க யாரையாவது வரச் சொல்லுங்களேன்."

அவ்வளவுதான். என் தலை தானாகக் குனிந்தது. முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். நடிப்பு முக்கால், மிச்சம் என்னவென்று தெரியவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் தோளைத் தொட்டாள். அவள் கண்ணும் கலங்கியது. மணி அடித்தது. நன்றாகச் செய்துவிட்டோம் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம்.

டாக்டரம்மா உள்ளே வந்து நின்றார்.

"இப்ப இங்க என்னா நடந்துச்சு?"

நாங்கள் விழித்தோம்.

"அங்கிள், நீங்க எதுக்கு அழுதீங்க?"

"என் பொண்டாட்டி செத்துட்டா டாக்டர்."

"யாரு சொன்னா?"

"இந்தப் புள்ளதான் சொல்லுச்சு."

"எப்ப சொன்னா?"

கணினியில் பதிவை ஓட்டிக் காட்டினார். நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பசியாறிட்டீங்களா இருந்தது, தண்ணி இருந்தது, சீரியஸ் இருந்தது, பெரியவங்க இருந்தது. செத்ததோ இறந்ததோ எங்கேயும் இல்லை. ஒரு சாவைச் சொல்லி முடித்து, அழுது முடித்து, ஆறுதலும் சொல்லி முடித்துவிட்டோம், சாவு என்ற பேச்சே இல்லாமல். அட்டையில் தெளிவாக எழுதியிருந்தது: டாக்டர் சொல்லும்வரை உங்களுக்குத் தெரியாது. அவள் பாதி தாண்டினாள், நான் ஓடிப்போய் மீதியைத் தாண்டினேன்.

"ஆனா டாக்டர், நம்ம ஆளுங்க எல்லாம் இப்படித்தானே சொல்லுவாங்க?" என்றேன். "போன்ல யாராச்சும் நேரா செத்துட்டாங்கன்னு சொல்லுவாங்களா?"

"சொல்ல மாட்டாங்க. எங்க வீட்லயும் அப்படித்தான்," என்றார். குரலில் கோபம் இல்லை. "ஆனா சீரியஸ்னு நான் சொன்னா, ஐ.சி.யூ.ல வச்சிருக்காங்கன்னு நெனைச்சிக்கிட்டு உக்காந்திருக்கறவங்க இருக்காங்க. டாக்டரே சுத்தி வளைச்சா அவங்க யாருகிட்ட போய் கேப்பாங்க?"

எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தப் பெண் சொன்னது எனக்குப் புரிந்தது, பிறகு என்ன? இங்கிலீஷ் பாடத்தை நம் தலையில் கட்டுகிறார்கள் என்று பாயிடம் கோபமாகச் சொன்னேன். பாய் தே தாரே டீயை ஆற்றிக்கொண்டே, "எங்க வூட்லயும் சீரியஸ்னுதான் சொல்லுவோம்," என்றார்.

மறுநாளிலிருந்து அவளை ஹெட்செட் அறைக்கு அனுப்பினார்கள். நீச்சல் கண்ணாடியைப் பெரிதாக்கியது மாதிரி ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டால் உள்ளே ஓர் ஆஸ்பத்திரி தெரியும். அவள் பார்ப்பதைச் சுவரில் இருக்கும் திரையில் நாங்களும் பார்க்கலாம். அங்கேயும் ஒரு கணவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். கணினியில் செய்த ஆள், ஆனால் சட்டையில் வியர்வை கூட வைத்திருக்கிறார்கள். அவனிடம் ஆங்கிலத்திலும் மலாயிலும் பேசலாம், அவன் பதில் சொல்வான்.

அவனிடம் அவள் எவ்வளவு அழகாகப் பேசினாள் தெரியுமா! உட்கார்ந்தாள், பெயரைச் சொன்னாள், கெட்ட செய்தி கொண்டுவந்திருக்கிறேன் என்றாள், ஒரு மூச்சு விட்டாள், உங்கள் மனைவி இறந்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவன் முகம் உடைந்தது. அவள் அசையாமல் காத்திருந்தாள். திரும்பத் திரும்பச் செய்தாள், ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "இவ்ளோ நல்லா சொல்றியே, என்கிட்ட மட்டும் ஏம்மா வரல?"

"அது யாருக்கும் சொந்தம் இல்ல அங்கிள். நீங்க எங்க சித்தப்பா மாதிரியே மூக்க உறிஞ்சுறீங்க." பிறகு, "இங்கிலீஷ்ல சொன்னா சும்மா ஒரு வார்த்தை. தமிழ்ல சொன்னா நானே கொன்னுட்ட மாதிரி இருக்கு," என்றாள்.

அவள் போன பிறகு, கருவியைப் பார்த்துக்கொள்ளும் பையன்களிடம் நானும் மாட்டிப் பார்க்கவா என்று கேட்டேன். மாட்டிவிட்டார்கள். முதலில் தலை சுற்றியது, நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இப்போது நான் டாக்டர். அந்த ஆள் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தான். மலாயில் கேட்டான், என் மனைவி எப்படி இருக்கிறாள் என்று.

டாக்டரம்மா இல்லாத தைரியத்தில் என் வழியில் சொன்னேன். நிலைமை கொஞ்சம் சீரியஸ், வீட்டில் பெரியவர்களை வரச் சொல்லுங்கள் என்று மலாயில் சொன்னேன்.

அவன் இமை கொட்டினான். சரி, அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டான்.

ரொம்ப சீரியஸ் என்றேன். சரி, எப்போது வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று கேட்டான்.

எங்கள் பழக்கம் எதுவும் தெரியாத அந்த ஆள், நான் எப்படிச் சுற்றினாலும் அதே முகத்தோடு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். பையன்கள் சிரித்தார்கள். "அங்கிள், அவனுக்கு க்ளூ எல்லாம் குடுக்க முடியாது!" நானும் சிரித்துக்கொண்டுதான் கழற்றினேன். ஆனால் அவன் கேட்டது காதை விட்டுப் போகவில்லை. எப்போது வீட்டுக்குக் கூட்டிப்போகலாம்.

திரும்பும் ரயிலில் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. நான் ஜொகூரில் கோழிப் பண்ணையில் இருந்தபோது ஒரு காலையில் மச்சான் போன் செய்தார். அம்மாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு, கிளம்பி வா என்றார். கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை வைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். அழுதேன்கூட. ஆனால் சுங்கை பூலோவில் இறங்கியதும் நேராக ஒரு மருந்துக் கடைக்குள் போய்ப் பெரியவர்களுக்குப் போடும் டயபர் ஒரு பெரிய பொட்டலம் வாங்கினேன். அம்மா படுத்த படுக்கையாகி அப்போது பல மாதம். சைஸ் கேட்டு, நல்ல ரகமா என்று விசாரித்து வாங்கினேன். அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் தெருவில் திரும்பினால் கூடாரம் போட்டிருக்கிறது, வாடகை நாற்காலிகளில் ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு பொட்டலத்தைப் பார்த்தார்கள். அக்கா வந்து அதை என் கையிலிருந்து வாங்கி எங்கேயோ கொண்டுபோய் வைத்தாள்.

ஆக, எனக்குத் தெரிந்தும் இருந்தது, தெரியாமலும் இருந்தது. சொல்லாததால் கிடைத்த அந்தக் கொஞ்ச நேரத்தைக் கருணை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வரும்வரை அதை யோசித்துக்கொண்டு வந்தேன். மச்சான் மேல் கோபம் எதுவும் வரவில்லை. அவரும் பயந்துதான் இருந்திருப்பார். ஆனால் அந்தப் பெண்ணுக்கு வரப்போகிற பரீட்சையில் நான் எப்படி உட்கார வேண்டும் என்பது முடிவாகிவிட்டது.

பரீட்சைக்கு முந்தின நாள் கேன்டீனில் அவளே என்னைத் தேடி வந்தாள். எதிரே உட்கார்ந்து, தட்டிலிருந்த மீ கோரேங்கைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"அங்கிள், ஒன்னு கேக்கட்டா?"

"கேளும்மா."

"நாளைக்கும் நீங்கதானே? நான் சீரியஸ்னு ஆரம்பிச்சதும் நீங்க அழ ஆரம்பிச்சிருங்க. நீங்க அழுதுட்டா எனக்கு ஈஸி. அந்தக் கேப்புல நான் அந்த வார்த்தைய மெதுவா சொல்லிருவேன். கேமரால பதிவாகும்."

"டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சிரும்."

"தெரியாது அங்கிள். உங்களுக்குத்தான் புரியுமே! ப்ளீஸ் அங்கிள்." கண்ணில் தண்ணீர் நின்றது. "வீட்ல எனக்காக எல்லாரும் வாயக் கட்டி வயித்தக் கட்டிட்டு இருக்காங்க. திரும்பிப் போய் என்னான்னு சொல்லுவேன்?"

மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பாக்கலாம்மா," என்றேன். அவள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள். எங்களிடத்தில் பாக்கலாம் என்றால் பெரும்பாலும் முடியாது என்றுதான் அர்த்தம். அது அவளுக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அவள் வேறு மாதிரி கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் அறையில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் டாக்டரம்மாவோடு வெளியிலிருந்து வந்த இன்னொரு தமிழ் டாக்டரும் இருந்தார். அவள் வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டு வந்திருந்தாள். பசியாறிட்டீங்களா என்று கேட்கவில்லை. அந்த மட்டில் முன்னேற்றம். பெயரைச் சொன்னாள், உட்கார்ந்தாள்.

"அங்கிள், ஆன்டிய நாங்க உடனே பாத்தோம். எவ்வளவோ முயற்சி பண்ணோம்." நிறுத்தினாள். "ரொம்ப சீரியஸா..."

என் முகத்தைப் பார்த்தாள். அழுங்கள் என்று அந்தப் பார்வை சொன்னது.

நான் அழவில்லை. "சரிம்மா," என்றேன். "அப்ப வார்டுல போடுவீங்களா? நான் போய் அவ நைட்டி எடுத்துட்டு வரட்டா?"

"இல்ல அங்கிள். வீட்ல பெரியவங்க யாராச்சும்..."

"பெரியவங்க எதுக்கும்மா? கூட்டம் வந்தா அவளுக்குப் பிடிக்காது. எப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு மட்டும் சொல்லு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஏமாற்றிவிட்டவனைப் பார்க்கிற பார்வை. இன்னொரு முறை சுற்றினால் நேரம் முடிந்துவிடும், அவளுடைய படிப்பும் முடிந்துவிடும், முடித்தவன் நான் என்று ஆகிவிடும். வாயைத் திறந்து உதவிவிடலாமா என்றுகூட வந்தது. கைகளை மடியில் கோத்துக்கொண்டேன்.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். கீழே பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"அங்கிள், ஆன்டி இறந்துட்டாங்க."

அட்டையில், அழலாம், கோபப்படலாம், பேசாமல் இருக்கலாம் என்று போட்டிருந்தது. நான் எதையும் செய்யவில்லை. அட்டையில் இல்லாத ஒன்று என் வாயிலிருந்து வந்தது.

"எப்ப?"

"நீங்க மோட்டார்ல வந்துக்கிட்டு இருந்தப்ப அங்கிள். இங்க கொண்டாந்த கொஞ்ச நேரத்துல."

"வலிச்சுச்சா?"

"முழிப்பு வரவே இல்ல அங்கிள். வலி தெரிஞ்சிருக்காது."

இந்த இரண்டு கேள்வியையும் என் அம்மாவைப் பற்றி நான் யாரிடமும் கேட்டதில்லை. சீரியஸ் என்று ஆரம்பித்த பேச்சில் அதற்கெல்லாம் இடம் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது. அவள் தோளைத் தொட வரவில்லை, ஒன்றும் இல்லை என்று சொல்லவில்லை, தண்ணீர் நீட்டவில்லை. எழுந்தும் போகவில்லை. மணி அடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மதியத்துக்கு மேல் முடிவு சொன்னார்கள். தேறிவிட்டாள். நடைபாதையில் பாயும் நானும் நின்றிருந்த இடத்துக்கு வந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"நீங்க ரொம்ப மோசம் அங்கிள். நைட்டி எடுத்துட்டு வரட்டான்னு கேக்கறீங்க!"

"மன்னிச்சிக்கோம்மா."

"நான் உங்கள நம்பித்தான் உள்ள வந்தேன்."

"தெரியும்."

பாய் நடுவில் புகுந்தார். "பாப்பா, இவன்கிட்ட மாட்டுனதோட தப்பிச்ச. எனக்கு அடுத்த வாரம் காது கேக்காத கிழவன் வேஷம். இறந்துட்டாங்க இறந்துட்டாங்கன்னு புள்ளைங்க ரூம் அதிர கத்தணும்."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. சுவரில் சாய்ந்து கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நிமிர்ந்ததும், "அந்த ஆன்டிக்குப் பேரு என்னா அங்கிள்?" என்று கேட்டாள்.

"அட்டையில பேரு போடலம்மா."

"நானும் கேக்கல. ஆன்டி ஆன்டின்னே சொல்லிட்டு இருந்திருக்கேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வார்டுல மொதல்ல பேரக் கேட்டு வச்சிக்கணும்," என்றாள், எங்களிடம் சொல்வது போலவும் இல்லாமல், தனக்குச் சொல்வது போலவும் இல்லாமல். பிறகு அம்மாவுக்குப் போன் போட்டுக்கொண்டே படியிறங்கிப் போனாள்.